டிசைன் எழுத்தை எங்க போடலாம், எங்க போடக்கூடாது: பலகார லேபிள்ல இருந்து கல்யாணப் பத்திரிகை வரை முழு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் டிடிபி சென்டர் வச்சிருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, வர்றவங்கள்ல முக்கால்வாசி பேர் கேக்குறது ஒண்ணுதான்: "எழுத்து கொஞ்சம் டிசைனா இருக்கட்டும் தம்பி". பலகாரம் போட்டு விக்கிற ஆச்சி கேப்பாங்க, ஹோம்ஸ்டே ஆரம்பிக்கிறவர் கேப்பார், சாந்தி கல்யாணத்துக்கு, அதாவது அறுபதாம் கல்யாணத்துக்கு, பத்திரிகை அடிக்க வர்ற அண்ணனும் அதையேதான் கேப்பார். கேக்குறதுல தப்பே இல்ல. ஆனா எந்த டிசைன் எழுத்து, எந்த வார்த்தைக்கு, எவ்ளோ பெருசா, எது மேல அடிக்கப் போறோம், இதையெல்லாம் யோசிக்காம லிஸ்ட்ல முதல்ல வந்த சுருள் ஃபாண்டை போட்டுட்டா அப்புறம் தேன்குழலை யாரும் தேன்குழல்னு படிக்க மாட்டாங்க.

இந்த வகை எழுத்துக்கு டிஸ்ப்ளே ஃபாண்ட்னு பேரு, அதாவது பெருசா, கொஞ்சமா, தலைப்புல மட்டும் போடுறதுக்காக வரைஞ்சது. பத்தி பத்தியா படிக்கிற எழுத்துக்கு அடக்கம்தான் அழகு, இதுக்கு ஆட்டம்தான் அழகு. இங்கிலீஷ்ல 1800கள் ஆரம்பத்துல லண்டன்ல போஸ்டர், நோட்டீஸ் போட்டி அதிகமானப்போ தடிதடியான எழுத்தெல்லாம் வந்துச்சு, 1827ல நியூயார்க்ல டேரியஸ் வெல்ஸ்ங்கிறவர் மெஷின் வச்சு மரத்துல பெரிய எழுத்து வெட்ட ஆரம்பிச்ச பிறகு ஆளாளுக்கு பூ, நிழல், கோடுன்னு போட்டு விளையாடிட்டாங்க. நம்ம கம்ப்யூட்டர்ல பார்க்கிறதும் இந்த வம்சம்தான்: 1922ல வந்த கூப்பர் பிளாக், 1927ல மோரிஸ் ஃபுல்லர் பென்டன் வரைஞ்ச பிராட்வே, 1995ல வந்த கர்ல்ஸ், ஜோக்கர்மேன்.

படி 1: ஃபாண்ட் லிஸ்ட்டை மூடுங்க, வார்த்தையை எழுதுங்க

முதல்ல ஒரு பேப்பர்ல அந்த லேபிள்லயோ போர்டுலயோ வரப்போற எல்லா வார்த்தையையும் எழுதுங்க. பலகார டப்பான்னா கடை பேரு, பலகாரத்தோட பேரு, எடை, விலை, என்னென்ன போட்டிருக்கு, தயாரிச்ச தேதி, எது வரைக்கும் வச்சு சாப்பிடலாம், அட்ரஸ், எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் (உணவு லைசென்ஸ் நம்பர், அது 14 இலக்கம்), இவ்ளோ வரும். இதுல டிசைன் எழுத்துக்கு தகுதி உள்ளது ரெண்டே ரெண்டு, கடை பேரும் பலகாரம் பேரும். என்னைக் கேட்டா ரெண்டுல ஒண்ணுதான்.

கழுத்திரு, அதான் செட்டிநாட்டு கல்யாணத்துல போடுற பெரிய தங்கத் தாலி, அது மாதிரி நினைச்சுக்கோங்க, அதை யாரும் போட்டுக்கிட்டு அடுப்படிக்குப் போறதில்ல. எடை, தேதி, நம்பர் எல்லாம் அடுப்படி வேலை, அதுக்கு சாதா எழுத்து போதும், போதும்னு இல்ல, அதுதான் வேணும். சட்டப்படி லேபிள்ல கட்டாயமா போட வேண்டிய விவரமெல்லாம் இங்கிலீஷ்லயோ தேவநாகரி இந்திலயோ இருக்கணும், தமிழ் கூடுதலா போட்டுக்கலாம். அதனால அந்த பகுதி எப்படியும் சின்ன இங்கிலீஷ் எழுத்துதான், அதுல போய் சுருள் போட்டா அதிகாரி கேள்வி கேக்குறதுக்கு முன்னாடி வாங்குறவங்களே கண்ணாடியை தேடுவாங்க.

படி 2: சுழியை செக் பண்ணுங்க, இங்கதான் எல்லாமே இருக்கு

இந்த ஒரு படியை மட்டும் நல்லா படிச்சுக்கோங்க, மத்ததை வேகமா தாண்டினாலும் பரவாயில்ல.

கர்ல்ஸ் ஃபாண்டை எடுத்துக்கோங்க. ஒவ்வொரு எழுத்து நுனியிலயும் ஒரு சுருள். இங்கிலீஷ்ல அப்படி எங்க வேணாலும் சுருட்டி விடலாம், எஸ் எஸ்ஸாவே இருக்கும், டி டியாவே இருக்கும், ஏன்னா அந்த எழுத்துல சுருளுக்கு எந்த வேலையும் கிடையாது, வெறும் அலங்காரம். தமிழ்ல அப்படி இல்லீங்க. தமிழ்ல சுழியே எழுத்து. சி-க்கும் சீ-க்கும் என்ன வித்தியாசம், மேல ஒரு சுழி. தெ-க்கும் தே-க்கும் என்ன வித்தியாசம், கொம்பு மேல ஒரு சுழி. ன-வும் ண-வும் சுழி எண்ணிக்கையிலதான் வேற வேற. ஒ-வோட காலை கீழ சுழிச்சா ஓ. அப்ப ஃபாண்ட் வரைஞ்சவர் அழகுக்காக கொம்பு நுனியை கொஞ்சம் சுருட்டி விட்டா ஒற்றைக்கொம்பு எல்லாம் இரட்டைக்கொம்பு மாதிரி தெரியும், இல்ல எல்லாத்தையும் சுருட்டி வச்சதால நெஜமான சுழி எதுன்னு தெரியாது. செட்டிநாடு சேட்டிநாடு ஆகும், தேன்குழல் தென்குழல் ஆகும், சீப்புச் சீடை சிப்புச் சிடை ஆகும்.

அதனால ஃபாண்ட் விக்கிற பக்கத்துல அவங்க அழகா காட்டுற ஒரு வார்த்தையை பார்த்து மயங்காதீங்க. அவங்க நல்லா வந்த வார்த்தையைத்தான் காட்டுவாங்க. நீங்க உங்க வார்த்தையை அடிச்சு பாருங்க. நம்ம ஊர் பேரும் பலகாரமும் இதுக்குன்னே செஞ்ச மாதிரி நல்ல சோதனை வார்த்தைங்க:

செட்டிநாடு. கொம்பு, புள்ளி, டி, நா, டு எல்லாம் ஒரே வார்த்தைல. டி-யோட மேல் வளைவு முன்னாடி இருக்கிற ட்-டோட புள்ளியை இடிக்குதான்னு பாருங்க, நிறைய டிசைன் ஃபாண்ட் இங்கயே விழுந்துரும்.

காரம். கால் வேற, ர வேற. பல டிசைன் ஃபாண்ட்ல ர-வோட அடியில வர்ற சாய்ஞ்ச காலை அழகுக்காக வெட்டிடுறாங்க, அப்ப ரெண்டும் ஒரே மாதிரி நிக்கும், படிக்கிறவங்க ஊகிச்சுக்க வேண்டியதுதான்.

வெள்ளைப் பணியாரம். ணி-யை பாருங்க. ஃபாண்ட் தடியா இருந்தா ண-வோட சுழிக்குள்ள இருக்கிற வெள்ளை அடைச்சுக்கும், ஒரு கறுப்பு உருண்டை மட்டும் மிஞ்சும். ஸ்க்ரீன்ல 200 பாயின்ட்ல பார்த்தா தெரியாது, லேபிள் சைஸுக்கு சின்னதாக்கி பார்த்தா உடனே தெரியும்.

கந்தரப்பம். மூணு புள்ளி. சில ஃபாண்ட்ல புள்ளிக்கு பதிலா பூ, வைரம், இலைன்னு போட்டிருப்பாங்க, எனக்கு அது பிடிக்கும், சுழியை தொடாம அலங்காரம் பண்ண தமிழ்ல கிடைக்கிற நல்ல இடம் புள்ளிதான். மூணும் ஒரே உயரத்துல இருக்கா, தலையை ஒட்டிக்காம விலகி நிக்குதா, அவ்ளோதான் பார்க்கணும்.

இதோட ஞ, ஜ, ஸ்ரீ, ழு, டூ, னூ இதெல்லாம் இருக்கான்னும் ஒரு தடவை அடிச்சு பாருங்க. ஸ்ரீ இல்லாத டிசைன் ஃபாண்டை வச்சு இந்த ஊர்ல ஒரு பத்திரிகை அடிக்க முடியாது.

சரி, சுழியில கை வைக்கக்கூடாதுன்னா ஆட்டத்தை எங்க காட்டுறது? நேர்கோட்டுல காட்டலாம். ட, ப, ம, க இதுங்களோட நிமிர்ந்த கோடு, அடிக்கோடு, இதை தடியாக்கலாம், சாய்க்கலாம், ரெண்டா பிளக்கலாம், உள்ள கோடு விடலாம், பக்கத்துல நிழல் போடலாம். எழுத்தோட அகலத்தை மாத்தலாம். இதெல்லாம் பண்ணியும் சுழியை சுத்தமா விட்டிருந்தா அது நல்ல ஃபாண்ட்.

படி 3: எதை எடுக்கலாம்

காசு கொடுக்காமலே கூகுள் ஃபாண்ட்ஸ்ல சில நல்ல தமிழ் டிஸ்ப்ளே எழுத்து கிடைக்குது. பலூ தம்பி உருண்டு திரண்டு குழந்தை மாதிரி இருக்கும், எக் டைப்ங்கிற ஃபாண்ட் கம்பெனி பண்ணது, ஸ்வீட் காரம் லேபிளுக்கு கண்ணை மூடிக்கிட்டு போடலாம், இப்ப இருக்கிற பலூ தம்பி 2ல தடிமனும் பல அளவுல இருக்கு. காயினி இன்னும் கொழுகொழுன்னு இருக்கும், ஆனா ரொம்ப சின்ன சைஸ்ல ண-வும் ஞ-வும் மூச்சு முட்டும். கவிவனார் தாரிக் அஸீஸ் பண்ணது, கையால சாய்ச்சு எழுதின மாதிரி, ஹோம்ஸ்டே மெனு கார்டு, நன்றி சீட்டு இதுக்கெல்லாம் பொருந்தும், கடை போர்டுக்கு போட்டா தூரத்துல மெலிஞ்சு போயிரும். அரிமா மென்மையான வளைவு, நுனியெல்லாம் மழுங்கி இருக்கும், பத்திரிகைக்கு நல்லா இருக்கும். கூடவே போட சாதா எழுத்து வேணும்னா கேட்டமரன், முக்தா மலர், அனெக் தமிழ் மூணுல ஒண்ணு எடுங்க.

இங்கிலீஷ் பேரும் சேர்த்து போடணும்னா ரெண்டு டிசைன் ஃபாண்டை பக்கத்துல பக்கத்துல வைக்காதீங்க, சண்டை போடும். தமிழ் ஆடினா இங்கிலீஷ் அடங்கி இருக்கட்டும். பழைய வீட்டை ஹோட்டலாக்கினவங்க நிறைய பேர் இங்கிலீஷ்ல பிராட்வே மாதிரி எழுத்து கேப்பாங்க, அது இந்த ஊருக்கு ஒட்டும்தான், ஏன்னா 1920, 30கள்ல கட்டின செட்டிநாட்டு வீடுங்க பலதுல ஆர்ட் டெக்கோங்கிற அந்தக் காலத்து அலங்கார பாணியோட சாயல் உண்டு, அந்த எழுத்தும் அதே காலத்து ஆர்ட் டெக்கோதான். அதை விட்டுட்டு சினிமா கௌபாய் போஸ்டர் எழுத்தை கொண்டு போய் கானாடுகாத்தான் வீட்டு வாசல்ல மாட்டினா என்ன சொல்றது, பர்மா தேக்கு தூணே திரும்பி பார்க்கும்.

ஐடியா வேணும்னா பின்ட்ரெஸ்ட்டை தாண்டியும் பாருங்க. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய சாமான் கடைங்கள்ல எனாமல் விளம்பர தகடுங்க கிடக்கும், அதுல கையால வரைஞ்ச தமிழ் எழுத்தை நின்னு பாருங்க, நிழல் எந்தப் பக்கம் விழுது, சுழியை எப்படி சுத்தமா விட்டிருக்காங்கன்னு புரியும். இந்த மண்ணுக்கு அந்த வழக்கம் புதுசு இல்ல, கோட்டையூர் ரோஜா முத்தையா சைன்போர்டு எழுதுற ஆர்ட்டிஸ்ட்டா இருந்தவர்தான், அவர் வாழ்நாள் பூரா சேர்த்த புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் சேர்ந்துதான் 1994ல சென்னைல ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆச்சு.

படி 4: சாஃப்ட்வேரை சரி பண்ணுங்க

யூனிகோட் தமிழை (போன்லயும் இணையத்துலயும் நாம அடிக்கிற தமிழ்தான்) போட்டோஷாப்ல ஒட்டுனா கொம்பு எழுத்துக்கு பின்னாடி போய் நிக்குதா, புள்ளி தனி வட்டத்தோட தெரியுதா, ஃபாண்ட் மேல பழி போடாதீங்க. ப்ரிஃபரன்சஸ்ல டைப் பகுதிக்கு போய் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்னு இருக்கிறதை ஆன் பண்ணுங்க, புது வெர்ஷன்ல அது வேர்ல்ட் ரெடின்னு பேர் மாறி இருக்கும். இன்டிசைன்ல பாராகிராஃப் மெனுவுக்குள்ள வேர்ல்ட் ரெடி கம்போசர். இன்க்ஸ்கேப் இலவசம், அது எதுவும் கேக்காமலே சரியா கோர்க்கும்.

நம்ம ஊர் பிரஸ்ல இன்னும் பழைய கோரல் டிரா ஓடுது, அதுல யூனிகோட் உடையும், அவங்க பாமினி, வானவில், ஸ்ரீலிபி மாதிரி பழைய குறியீட்டு ஃபாண்ட்லதான் டைப் பண்ணுவாங்க. அந்த வகையில டிசைன் எழுத்து ஏகப்பட்டது உண்டு, சிலது ரொம்ப நல்லாவும் இருக்கும், பயன்படுத்தலாம், ஆனா அதுல அடிச்ச வார்த்தையை வாட்ஸ்அப்ல காப்பி பண்ணா கன்னாபின்னான்னு இங்கிலீஷ் எழுத்தா வரும். தலைப்பு மட்டும்னா பிரச்சனை இல்ல, மேட்டர் முழுக்க அதுல அடிக்க வேணாம்.

படி 5: இடைவெளி

இங்கிலீஷ்ல ட்ராக்கிங் ஏத்தி எழுத்தை பரப்பி வச்சா பணக்காரத்தனமா தெரியும்னு தமிழ்லயும் அதை பண்றாங்க. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்னு மூணு துண்டா கிடக்கும். கொ-ங்கிறது ஒரு எழுத்து, அதை பிரிக்கக்கூடாது. பரப்பியே ஆகணும்னா அவுட்லைனா, அதாவது எழுத்தை வெறும் கோட்டு வடிவமா, மாத்திட்டு, ஒரு எழுத்தோட துண்டெல்லாம் குரூப் பண்ணி, கையால நகர்த்துங்க. அது வேலைதான், ஆனா தலைப்புல எட்டு பத்து எழுத்துதானே.

ரெண்டு வரியா வச்சா மேல் வரியில இருக்கிற கு, டு, ழு-வோட வாலும் கீழ் வரியில இருக்கிற சி, சீ-யோட தலையும் இடிக்கும். "முறுக்கு"க்கு கீழ "சீடை" வச்சு பாருங்க தெரியும். வரி இடைவெளியை கூட்டுறது ஒரு வழி, ரெண்டாவது வரியை ஒரு எழுத்து தள்ளி வைக்கிறது இன்னொரு வழி, பழைய போர்டு ஆர்ட்டிஸ்ட்டுங்க ரெண்டாவதைத்தான் செய்வாங்க, பார்க்க அதுதான் நல்லா இருக்கும்.

படி 6: எது மேல வரப்போகுது

பேப்பர் லேபிள்: நெஜ சைஸுக்கு ஒரு பிரின்ட் எடுத்து, டப்பாவுல ஒட்டி, ஷெல்ஃப்ல வச்சு, ரூமோட அந்த பக்கம் போய் நின்னு பாருங்க. வளைஞ்ச டப்பான்னா பேரோட ரெண்டு ஓரமும் பின்னாடி போயிரும், அகலமான ஃபாண்ட் அங்க வேலைக்காகாது.

ஸ்க்ரீன் பிரின்டிங், ஃபாயில் போடுற பத்திரிகை: மெல்லிசான கோடு விட்டு விட்டு விழும், மெல்லிசான சந்து அடைச்சுக்கும். உள்ள கோடு விட்ட எழுத்தை ஃபாயில்ல போடணும்னா பெருசா போடணும், இல்லாட்டி வேணாம். கூடவே நம்மூர் பத்திரிகைக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு, விலாசம், அட்ரஸ் இல்ல, குடும்ப இனிஷியல் வரிசை. பேருக்கு முன்னாடி பழ.கரு., ராம.சித. அப்படின்னு வரிசையா வரும், எல்லாத்துக்கும் நடுவுல முற்றுப்புள்ளி. டிசைன் ஃபாண்ட்ல முற்றுப்புள்ளி பூவா வந்துச்சுன்னா பேர் வரிசை முழுக்க பூத்தோட்டம் ஆயிரும், அதோட மெய்யெழுத்து புள்ளி எது, விலாசப் புள்ளி எதுன்னு கண்ணு குழம்பும். பெரியவங்க பேர்ல கோளாறு வந்தா அந்த பத்திரிகையை யாரும் டிசைனுக்காக மன்னிக்க மாட்டாங்க. பேரெல்லாம் சாதா எழுத்துல போடுங்க, மாப்பிள்ளை பொண்ணு பேர் மட்டும் டிசைன்.

கடை போர்டு: பத்து அடி தூரத்துக்கு ஒரு அங்குல எழுத்து உயரம்னு போர்டு தொழில்ல ஒரு பொதுக்கணக்கு உண்டு, அது இங்கிலீஷ் பெரிய எழுத்தை வச்சு வந்த கணக்கு. தமிழ்ல மேலயும் கீழயும் போற பகுதி இருக்கு, அதுல டிசைனும் சேர்ந்தா ஒண்ணரை மடங்கு வைங்கங்கிறது என் கணக்கு. நாற்பது அடி ரோட்டை தாண்டி தெரியணும்னா ட-வோட உடம்பே ஆறு அங்குலம் இருக்கட்டும். இன்னொண்ணு, போர்டுல தமிழ்தான் முதன்மையா இருக்கணும்னு விதி இருக்கு, இங்கிலீஷை பெருசாக்கி தமிழை ஓரத்துல டிசைனா சொருகாதீங்க.

வெட்டி மாட்டுற எழுத்து, அக்ரிலிக்கோ ஸ்டீலோ எதுவா இருந்தாலும்: புள்ளி தனித் துண்டு, ஞாபகம் வைங்க. அதுக்கு தனியா திருகு வேணும். புள்ளி விழுந்த போர்டு எப்படி இருக்கும்னு பஜார் பக்கம் ஒரு நடை போனா பார்த்துடலாம். பின்னாடி ஒரு தகடு வச்சு அது மேல எல்லாத்தையும் ஒட்டுறது பாதுகாப்பு. ஸ்டென்சில் வெட்டினா, அதாவது தகட்டுல எழுத்தை ஓட்டையா வெட்டினா, கதை தலைகீழ், ண, ம, ஞ சுழிக்குள்ள இருக்கிற பகுதி உதிர்ந்துரும், அதை பிடிச்சு வைக்க ஒரு சின்ன பாலம் விடணும், அந்த பாலமே ஒரு டிசைனா தெரியுற மாதிரி எல்லா எழுத்துலயும் ஒரே கோணத்துல விடுங்க.

ஆத்தங்குடி கல்லுல (தரையில பதிக்கிற டைல்ஸ்) பேர் போடுறது: ஹோம்ஸ்டே காரங்க கேக்குற ஆசை இது. ஆத்தங்குடி கல்லு கண்ணாடி மேல செய்யுறது, கண்ணாடியில சட்டம் வச்சு, டிசைன் அச்சை வச்சு, கட்டம் கட்டமா கலர் சிமென்ட் கரைசலை ஊத்தி, அச்சை தூக்கிட்டு, மேல காஞ்ச சிமென்ட் மணல், அதுக்கு மேல ஈரக் கலவை, அப்புறம் காய்ஞ்சதும் தண்ணியில ஊறப் போடுவாங்க. கண்ணாடியை தொட்டுக்கிட்டு இருந்த பக்கம்தான் கடைசியில மேல் பக்கம், அதனால அச்சுல எழுத்து இடவலம் மாறி இருக்கணும், பூவுக்கு அது தேவைப்படாது, எழுத்துக்கு தேவை. அச்சை தூக்கும்போது ஓரம் லேசா கலங்கும், அதான் அந்த கல்லோட அழகே, ஆனா மெல்லிசான எழுத்து அதுல கரைஞ்சு போயிரும். பலூ தம்பி மாதிரி தடியா, சுழி திறந்து இருக்கிற எழுத்தா, ஒரு கல்லுக்கு ரெண்டு மூணு எழுத்து கணக்குல எடுங்க.

படி 7: பழைய எழுத்து வேணுமா

"பழைய காலத்து மாதிரி" கேக்குறவங்களுக்கு ஒரு வழி இருக்கு. 1978ல தமிழ்நாடு அரசு எழுத்து சீர்திருத்தத்தை கொண்டு வர்றதுக்கு முன்னாடி ணை, லை, ளை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி மேல வளைஞ்சு இருக்கும், ணா, றா, னா கால் ஒட்டி சுழிஞ்சு இருக்கும். அண்ணாமலைன்னு ஒரு பேரை எடுத்தா ணா, லை ரெண்டுமே பழைய வடிவத்துல வரும், பார்த்தாலே அந்த வீட்டு வயசு தெரியும். யூனிகோட்ல பழசுக்கும் புதுசுக்கும் ஒரே குறியீடுதான், வடிவம் ஃபாண்டை பொறுத்தது, அதனால பழைய வடிவம் உள்ள ஃபாண்ட் கிடைக்கலைன்னா அவுட்லைன் ஆக்கி அந்த ரெண்டு எழுத்தை மட்டும் பழைய பத்திரிகை ஒண்ணை பக்கத்துல வச்சு வரைஞ்சுக்கலாம். வீட்டு பேர், ஹோட்டல் பேருக்கு ஜோர். பலகாரத்துக்கு வேணாம், இருபது வயசு பிள்ளைங்க அந்த லை-யை பார்த்ததே இல்ல, என்ன எழுத்துன்னு தெரியாம முழிக்கும்.

படி 8: லைசென்ஸ், ஃபைல்

கூகுள் ஃபாண்ட்ஸ்ல மேல சொன்ன தமிழ் ஃபாண்டெல்லாம் ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ்ல வர்றது, வியாபாரத்துக்கு தாராளமா போடலாம், ஃபாண்டை மட்டும் தனியா விக்கக்கூடாது. வேற சைட்ல இறக்கினதுன்னா பெர்சனல் யூஸ் மட்டும்னு போட்டிருக்கான்னு பாருங்க, பலகார லேபிள் பெர்சனல் யூஸ் கிடையாது.

பிரஸ்ஸுக்கு அனுப்புறப்போ தலைப்பை கர்வ்ஸா, அதாவது மேல சொன்ன அவுட்லைனா, மாத்தி அனுப்புங்க, கோரல்ல கன்ட்ரோல் கியூ, இல்லஸ்ட்ரேட்டர்ல கன்ட்ரோல் ஷிஃப்ட் ஓ. மாத்தின பிறகு எழுத்துப் பிழை திருத்த முடியாது, அதனால அதுக்கு முன்னாடி ஆச்சியை ஒரு தடவை வாய்விட்டு படிக்க சொல்லுங்க, அவங்க எங்க தடுமாறுறாங்களோ அந்த எழுத்தை மாத்துங்க. கர்வ்ஸ் பண்ணாத ஒரிஜினல் ஃபைலை ஃபாண்டோட சேர்த்து ஒரே ஃபோல்டர்ல போட்டு வைங்க, தீபாவளிக்கு எண்ணெய் விலை ஏறினா லேபிள்ல விலையை மாத்த அதுதான் வேணும்.